பழக்காரர் கை நனைத்த கதை

என் வீட்டுக்காரர் சோற்றை விட்டது எனக்கு உடனே விளங்கவில்லை. நிலக்கடலை மூட்டைகளோடு சேலத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர் மறுநாள் பொழுது சாயத் திரும்பினார். கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர் முன்னால் சோளக் களியும் கீரைக் கடைசலும் வைத்தேன். வட்டிலை மெதுவாக என் பக்கம் தள்ளினார். கோபம் இல்லை, காய்ச்சல் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளித்தவர் மாதிரி முகம் தெளிவாக இருந்தது.

"இனிமே நெருப்புப் பட்டது எனக்கு வேண்டாம் புள்ள," என்றார்.

களி சூடாக இருக்கிறது என்கிறாராக்கும் என்று நான் விசிறியை எடுத்து வந்தேன். அவர் சிரித்தார். விசிறி எதற்கு என்று கேட்டுவிட்டு, மடியிலிருந்து இரண்டு வாழைப்பழத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்துவிட்டு உரித்துத் தின்றார். அவர் வட்டில் களியை அன்று எருமை தின்றது.

சேலத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூட்டத்துக்குள் போயிருக்கிறார். அங்கே கதர் கட்டிய ஒருவர் பேசினாராம். உலகத்தில் எந்தப் பிராணியும் அடுப்பு மூட்டுவதில்லை; பழம் என்பது மரம் தானாக மனசு வந்து கொடுப்பது; அதைத் தின்றால் யாருக்கும் நோவில்லை, தின்கிறவனுக்கு உடம்பும் சுத்தம், மனசும் சுத்தம்; பால் கன்றுக்குட்டியுடையது. இப்படி. மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்துபோய்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள். இவர் அதை அப்படியே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டார்.

பலன் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அவருக்குப் பல வருஷமாக வயிற்று வலி. வந்தால் கிணற்றில் நீர் இறைக்கிற காளையை அப்படியே கவலையில் விட்டுவிட்டு வரப்பில் சுருண்டு படுத்துவிடுவார். வைத்தியர் கொடுத்த லேகியமும் தின்று பார்த்தார், ஆஸ்பத்திரி மிக்சரும் குடித்துப் பார்த்தார், குலதெய்வத்துக்குக் கிடாயும் நேர்ந்துகொண்டார். ஒன்றுக்கும் அசையாத வலி, பழம் தின்ன ஆரம்பித்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. எனக்கு வந்த வினையே அதுதான். வலி இருந்திருந்தால் அடுத்த அமாவாசைக்குள் ஆளைக் களிக்குத் திருப்பியிருப்பேன். அது போய்விட்டதால் என் வாயும் அடைத்துப் போயிற்று.

காலையில் ஊறவைத்த நிலக்கடலையும் தேங்காய்ச் சில்லும். உச்சியில் வாழைப்பழம், வெள்ளரி, அந்தந்தக் காலத்துக்கு வருகிற கொய்யா, சீத்தா, மாம்பழம். கொல்லிமலைச் சந்தைக்காரர்கள் இறங்கினால் பலாச் சுளை. நுங்குக் காலத்தில் நுங்கு. தயிர் கிடையாது, மோர் கிடையாது, நெய் கண்ணாலும் பார்க்க மாட்டார். ஒரு நாள் எருமை கறந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று, "கன்னுக்குட்டிகிட்டக் கேட்டியா?" என்றார்.

"கேட்டனுங்க. அது ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலீங்க," என்றேன்.

அவருக்குக் கோபம் வராது. அந்தக் கோபம் எங்கே போயிற்று என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். முன்னெல்லாம் காளையை அடிக்கிற சத்தம் நாலு காட்டுக்குக் கேட்கும். பழம் தின்ன ஆரம்பித்த பிறகு சாட்டையைக் கூரையில் செருகி வைத்தவர், எடுக்கவே இல்லை. காளைகளுக்கு இது ஒரு வாரத்தில் தெரிந்துபோயிற்று. கவலையில் பாதி தூரம் இறங்கி நின்றுகொண்டு, இவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். இவரும் பார்ப்பார். மூன்று பேரும் ஆற அமர யோசித்த பிறகுதான் கிணற்றிலிருந்து தண்ணீர் மேலே வரும்.

மரத்திலிருந்து பறித்தும் தின்ன மாட்டார். மரம் தானாகக் கைவிட வேண்டும். அதற்காகக் கொய்யா மரத்தடியில் துண்டை விரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். அணிலுக்கும் கிளிக்கும் அந்த நியாயம் தெரியாததால் அவருக்குப் பாதிப் பழம்தான் கிடைக்கும். கிடைத்ததைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நிற்பார். தின்று முடித்ததும் கொட்டையை அங்கேயே விரலால் குழி பறித்துப் புதைப்பார். "அது குடுக்குது, நா வாங்கறேன். கொட்டையத் திருப்பி மண்ணுக்குக் குடுத்தர்றேன். கும்படறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்பார். பழனிக்குக் காவடி எடுக்கிற குடும்பம் எங்களுடையது. அந்தச் சாமி ஒரு பழத்துக்குக் கோபித்துக்கொண்டு மலையேறினார், இவர் ஒரு பழத்துக்காக என் அடுப்பங்கரையை விட்டு இறங்கிவிட்டார் என்று நான் சொல்வேன். மாட்டுக் கொட்டகை ஓரமெல்லாம் மாங்கன்று முளைத்து, சாணி அள்ளப் போகிறவள் காலை இடறும்.

ஊர் அவருக்குப் பழக்காரர் என்று பேர் வைத்தது. அது எனக்குப் பெரிதில்லை. பெரிதாக இருந்தது வேறு. எங்கள் பக்கத்தில் புருஷன் சாப்பிட்டு எழுந்த இலையிலோ வட்டிலிலோதான் பெண்டாட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படிச் சாப்பிட்டுப் பழகியவள் நான். அவருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும் என்பதற்காகவே போட்டுக்கொண்டு, ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்திருப்பார். சோறும் இலையும் போன பிறகு எனக்கு அந்தக் கத்தரிக்காயும் போயிற்று. கொய்யாத் தோலிலா உட்கார்ந்து சாப்பிடுவது? தனி வட்டிலில் போட்டுக்கொண்டு தின்பேன். யாரோ ஒருத்தி வீட்டில் கூலிக்கு நின்று தின்கிற மாதிரி இருக்கும்.

ஆகையால் நான் ஒரு சூழ்ச்சி செய்தேன். அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய கொய்யா மரம். அரிசிம்பருப்புச் சோறு ஆக்குகிற அன்றைக்கு அந்த ஜன்னலை அகலத் திறந்து வைப்பேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள், பூண்டும் சீரகமும் தட்டிப் போட்டு, நெய்யும் ஒரு கரண்டி கூடவே விட்டு இறக்கினேன். வாசனை ஜன்னல் வழியாகப் போனது எனக்கே தெரிந்தது. அவர் எழுந்து வந்தார். வாசற்படியில் நின்றார். சரி, மனுஷன் விழுந்தார் என்று நான் வட்டிலைத் துடைத்தேன்.

"நல்லா ஆக்கியிருக்கறே. புள்ளைங்களுக்குப் போடு," என்று சொல்லிவிட்டு மழையிலேயே திரும்பிப் போய்விட்டார். ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அந்தக் கோபத்தை நான் வெகுநாள் மனசில் வைத்திருந்தேன்.

இப்படியே இருந்திருந்தால் இது ஒரு வீட்டுச் சங்கதியாகப் போயிருக்கும். ஆனால் எங்கள் மூத்த பெண் கல்யாண வயசுக்கு வந்தாள். அப்போது உலகச் சண்டைக் காலம். நெல் கண்ணில் படுவது அபூர்வம், சீமையெண்ணெய் கிடையாது, சர்க்கரைக்கு வரிசை. ஊரெல்லாம் பஞ்சம் பாடும்போது எங்கள் வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் வேளைக்குச் சாப்பாடு குறையவில்லை. ஆனால் பெண்ணுக்கு வருகிற இடமெல்லாம் வாசலோடு போயிற்று.

முதலில் வந்த இடம் வழியிலேயே திரும்பிவிட்டது. 'அந்த ஊட்டுல அடுப்பே எரியாதாமா' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இழவு விழுந்த வீட்டில்தான் அடுப்பு எரியாது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பெண் எடுப்பார்களா? நான் அவர் ஒருவரைத் தவிர அத்தனை பேருக்கும் மூன்று வேளையும் ஆக்கிக் கொட்டிக்கொண்டிருக்கிறேன், பேச்சு இப்படி! அதற்கப்புறம் வெளியூர் ஆள் யார் தெருவில் வந்தாலும், அடுப்பில் ஈர மட்டையைத் திணித்துப் புகை விடுவதே என் வேலையாயிற்று. புகையில் என் கண்தான் சிவந்தது.

அடுத்து வந்தவர்கள் வீட்டுக்குள் வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பெண்ணையும் பார்த்தார்கள். இவர் அவர்களுக்கு வெள்ளரிக்காயை நறுக்கி வைத்துவிட்டு, கன்றுக்குட்டியின் நியாயத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னார். வந்தவர் பால் வியாபாரம் செய்கிறவர். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் இன்றுவரை சொல்லி அனுப்பவில்லை.

மூன்றாவதாக வந்ததுதான் மேச்சேரிப் பக்கத்து இடம். பட்டி நிறைய ஆடு வைத்திருக்கிற குடும்பம். ஒரே பையன். பெண்ணும் பையனும் உறவினர் கல்யாணம் ஒன்றில் ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள் என்பது எனக்கு முதலில் தெரியாது. எதைப் பற்றியும் வாயைத் திறந்து கேட்காத பெண் அவள். ஒரு நாள் கம்பு புடைத்துக்கொண்டே, "ஏம்மா, மேச்சேரிப் பக்கம் மழை பெய்யுமா?" என்றாள். அந்தக் காய்ந்த சீமையில் மழை பெய்தால் இவளுக்கென்ன, பெய்யாவிட்டால் இவளுக்கென்ன? முறத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாளே தவிர என்னைப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு போதும். இந்த இடம் மட்டும் கை நழுவக் கூடாது என்று பழனி ஆண்டவனிடம் சொல்லி வைத்தேன்.

அவர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்து இவரைக் கொல்லிமலைச் சந்தைக்கு அனுப்பி வைத்திருந்தேன். அடுத்து நாங்கள் போய் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். அங்கேதான் சங்கடம். எங்கள் வழக்கத்தில், பார்க்கப் போன வீட்டில் சம்மதம் ஆகும்வரை யாரும் கை நனைப்பதில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கலாம். பேச்சு சரியாக வந்தால் இலை போடுவார்கள். பெண்ணின் அப்பா அந்தச் சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று பொருள். பிடிக்காவிட்டால் கை நனைக்காமல் எழுந்து வந்துவிடலாம், வருத்தம் இல்லை. சம்மதம் சொல்வதற்கு வாயே வேண்டியதில்லை, ஒரு கைச் சோறு போதும். அந்த ஒரு கைச் சோறுதான் இவருக்கு ஆகாதே.

என் அண்ணன் நாங்கள் புறப்படுவதற்கு முன்னால் வந்து இவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"மாப்ள, அங்க வந்து நீங்க வாயே தொறக்கக் கூடாது. பேச்செல்லாம் நான் பேசிக்கறேன். சாப்பாட்டுக்குக் கூப்ட்டா ஒரு வெரதம்னு சொல்லிக்கலாம்."

"வெரதம்னா அது முடியற நாள் ஒண்ணு இருக்கோணுமே மச்சான். இது முடியறதில்லையே."

"அதத்தான் சொல்றேன், வாயத் தொறக்காதீங்க."

"செரி. தொறக்கலை," என்றார். சொன்னால் சொன்னதுதான் அவர்.

ஆனி மாதக் கடைசி. ஆடி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. அன்றைக்கு விடிவதற்குள் புறப்பட்டோம். பெட்ரோல் இல்லாத காலம். பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய இரும்பு அடுப்பு ஒன்றைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். இவர் தன் சாப்பாட்டை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். நல்ல கதலிப் பழம், ஒரு சீப்பு. வண்டியில் கூட்டம், மடியில் வைக்க இடமில்லை. கண்டக்டர் பையை வாங்கிப் பின்பக்கம் எங்கேயோ மாட்டிவிட்டார். மேட்டுக்கு மேடு இறங்கி நின்று, கரியைக் கிளறி, ஊதி, ஏறி, ஒரு வழியாக மேச்சேரியில் இறங்கிப் பையை வாங்கினால், அது தொட முடியாத சூடு. அந்த அடுப்பின் மேலேயே மாட்டியிருக்கிறார். தோல் கறுத்து, உள்ளே குழைந்து, சீப்பு முழுக்க வெந்து போயிருந்தது.

இவர் பையைத் திறந்து பார்த்தார், மூடினார். நெருப்புப் பட்டது ஆயிற்றே.

அண்ணன் ஒன்றை எடுத்து உறிஞ்சிவிட்டு, "நல்லா வெந்திருக்குது மாப்ள," என்றார். மிச்சத்தையும் அவரே தின்றார். இவர் விடியற்காலையில் குடித்த தண்ணீரோடு வண்டிப் பாதையில் நடந்து வந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது.

மாப்பிள்ளை வீடு அகலமான வீடு. ஒரு பக்கம் ஆட்டுப் பட்டி, பின்னால் பெரிய பொடக்காலி. எங்கள் ஊரில் புழக்கடையை அப்படித்தான் சொல்வோம். சுற்றிலும் வெயிலில் வெந்த காடு, அந்தப் பொடக்காலியில் மட்டும் ஒரே ஒரு மரம் அடர்ந்து நின்றது. நாங்கள் போனபோது பையனின் அப்பாவும் பங்காளிகளும் இன்னும் கூடவில்லை. செம்பில் தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். இவர் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். போனவர் நெடுநேரம் வரவில்லை. வந்தபோது வேட்டியில், முழங்கால் பக்கம், ஊதாவாக ஒரு கறை. பஸ்ஸில் எங்கேயோ பட்டது என்று நினைத்து, பொறுப்பில்லாத மனுஷன் என்று மனசுக்குள் வைதேன்.

பேச்சு ஆரம்பித்தது. பெண்கள் நாங்கள் அடுப்பங்கரை வாசற்படியில் நின்றோம். பையனின் அப்பா கறாரான ஆள், ஆனால் மரியாதை தெரிந்தவர்.

"உங்க பக்கம் மழையெல்லாம் எப்பிடீங்க?" என்று இவரைக் கேட்டார்.

இவர் தலையை ஆட்டினார்.

"கெணத்துல தண்ணி கெடக்குதுங்களா?"

அதற்கும் தலையை ஆட்டினார். உதடு இறுக மூடியிருந்தது. அண்ணன் பாய்ந்து மழையையும் கிணற்றையும் பற்றித் தானே சொன்னார். இன்னும் இரண்டு கேள்விக்கு இப்படியே நடந்தது. பையனின் அப்பா முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

"ஏனுங்க, பொண்ணோட அப்பா அவருதானுங்களே? வந்ததுல இருந்து ஒரு வார்த்த பேச மாட்டீங்கறாரே? எங்க ஊடு அவருக்கு அத்தன எளப்பமாப் போச்சுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. அவரு சுபாவமே அப்பிடீங்க," என்றார் அண்ணன். என் வீட்டில் பேச்சை நிறுத்த முடியாத மனிதர், இங்கே வந்து ஊமைச் சாமியாக உட்கார்ந்திருக்கிறார்.

எப்படியோ பேச்சு ஒரு கரைக்கு வந்தது. பெண்ணை அவர்களுக்குப் பிடித்திருந்தது, பையனை எங்களுக்குப் பிடித்திருந்தது. இலை போட்டார்கள். சண்டைக் காலத்தில், எங்கிருந்து சேர்த்து வைத்தார்களோ, வெள்ளை வெளேரென்று நெல்லுச்சோறு ஆக்கியிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் தூணுக்குப் பின்னால் நின்று அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தன.

"கை நனைச்சுட்டு மத்ததப் பேசலாமுங்க," என்றார் பையனின் அப்பா.

அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "அவருக்கு ஒரு வெரதமுங்க..."

"அப்பிடீங்களா. என்னைக்கிங்க முடியுது? அன்னைக்கே வெச்சுக்கலாம்."

அண்ணன் இவரைப் பார்த்தார். இவருக்குப் பொய் வராது. இல்லை என்று தலையை ஆட்டினார். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார் பையனின் அப்பா. குரல் தணிந்துதான் இருந்தது. "பழம் மட்டும் திங்கறவருன்னு கேள்விப்பட்டுத்தான் இருக்கறேன். அது அவரு ஊட்டுல. நான் குத்தஞ் சொல்லலீங்க. ஆனா எங்க ஊட்டுல ஒரு கைச் சோறு வேண்டாம்னு அப்பன் எந்திரிச்சுப் போனா, நாளைக்கு அதே ஊட்டுல பொண்ணு எப்பிடீங்க ஒக்காந்து சோறு திம்பா?"

 அவர் கேட்டது நியாயம்.  முறத்தைப் பார்த்துக்கொண்டு மழையைக் கேட்டவள் கண் முன்னால் வந்தாள். வீட்டுக்குப் போய் அவளிடம் என்ன சொல்வேன்? உன் அப்பா ஒரு கைச் சோறு தின்ன மாட்டேன் என்றுவிட்டார் என்றா? அந்த நிமிஷம் எனக்கு அந்தக் கதர்க்காரர் மேலும், வாழைத்தார் மேலும், உலகத்தில் உள்ள அத்தனை மரங்கள் மேலும் ஆத்திரம் வந்தது.

இவர் தலையைத் திருப்பி வாசற்படியில் என்னைத் தேடினார். நான் ஒன்றும் ஜாடை காட்டவில்லை. காட்ட எனக்குத் தெரியவும் இல்லை. எழுந்து போய் இலை முன்னால் உட்கார்ந்தார்.

அண்ணன் வாயைப் பிளந்தார். சோறு விழுந்தது. இவர் கையை வைத்தார். பிசைந்து பல வருஷம் ஆன கை, குழந்தை பிசைகிற மாதிரி தடுமாறியது. இந்தச் சோறு உள்ளே போனால் பழைய வலி திரும்பிவிடும் என்ற பயம் அவருக்கு உண்டு. எனக்கும் உண்டு. கொய்யா மரத்தடியில் நிற்பது போலவே, கையில் சோற்றை வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.  என்ன ஆக்கி வைத்தும், எத்தனை ஜன்னல் திறந்து வைத்தும் எனக்காகத் தொடாத சோற்றை, பெண்ணுக்காக எடுத்துவிட்டார் என்று பெருமையாக இருந்தது. அதே நேரத்தில் எனக்காகத் தொடவில்லையே என்று எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வருமா என்று கேட்பவர்கள், கல்யாணமாகிக் கொஞ்ச காலம் ஆகட்டும், பிறகு கேட்கட்டும்.

அவர் வாயைத் திறந்தார்.

பையனின் அம்மா அப்போதுதான் நெய்க் கிண்ணத்தோடு இலைக்கு முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இருங்க. இருங்க. நாக்கு என்னங்க இப்பிடி இருக்குது?"

எல்லாரும் பார்த்தார்கள். நாக்கு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. உதட்டின் உள்பக்கம், பல் இடுக்கு, எல்லாம் ஊதா. என்ன வியாதியோ என்று ஒரு பங்காளி கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

இவர் சோற்றை இலையில் வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாகப் பேசினார். "பொடக்காலி நாவ மரத்தடியில உழுந்து கெடந்துச்சுங்க. பறிக்கலீங்க. காலைல இருந்து ஒண்ணும் திங்கலை. கொட்டையெல்லாம் அங்கயே பொதச்சுட்டேன்."

அண்ணன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு குனிந்துவிட்டார். சம்மதம் ஆவதற்கு முன்னால், பேச்சே ஆரம்பிப்பதற்கு முன்னால், பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் அப்பா தின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் ஜனத்தில் இதைவிடத் தலைகுனிவு இல்லை. மனுஷன் வாயைத் திறக்காததற்கு அண்ணனின் கட்டளை பாதி, அந்த நாக்கு பாதி என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பையனின் அம்மா நெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"ஏனுங்க, சம்பந்தி கை நனைச்சாச்சுங்க."

அதுவரை அந்த வீட்டில் யாரும் யாரையும் சம்பந்தி என்று சொல்லவில்லை.

"நாவப்பழம் தின்னா அது சாப்பாடாகுமா?" என்றார் பையனின் அப்பா.

"உங்களுக்கும் எனக்கும் ஆகாதுங்க. அவருக்கு அதுதானுங்களே சாப்பாடு? இந்தச் சோத்தத் தின்னிருந்தாத்தான் அவருக்கு அது சாப்பாடில்லை. நாம பேச ஒக்கார்றதுக்கு முன்னாலயே வயிறு நெறைய நம்மூட்டுல தின்னுட்டாருங்க. பொடக்காலியக் குப்பை பண்ணுதுன்னு அந்த மரத்த வெட்டச் சொல்லி வருசா வருசம் எங்கிட்டச் சண்டைக்கி வருவீங்க. பாத்தீங்களா?"

 பையனின் அப்பா வழக்கத்தை விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. எழுந்து இவர் அருகில் வந்து, "எங்க, நாக்க நீட்டுங்க," என்றார். பங்காளிகள் அத்தனை பேர் முன்னிலையில் என் வீட்டுக்காரர், டாக்டரிடம் நீட்டுவது போல, நாக்கை முழுசாக நீட்டினார். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். ஒரு பங்காளியைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"செரிங்க. நெம்பவே தின்னிருக்கறாரு," என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆவணியில் கல்யாணம் என்று நாள் பார்க்கச் சொன்னார்கள்.

ஆண்கள் சாப்பிட்டு எழுந்தார்கள். இவருக்கு ஒரு முறம் நிறைய நாவல்பழம் வந்தது. சம்பந்தியம்மா என் கையைப் பிடித்து, அவர் பிசைந்து வைத்த இலையின் முன்னால் உட்காரவைத்து, "இந்த எலைல நீங்க ஒக்காருங்க," என்றார். யாரும் கேட்காமல், யாரும் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரிந்ததோ. இலை ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் தொடாமல் இருந்தது. அவர் கை பட்டு உருண்டிருந்த அந்தச் சோற்றை எடுத்து வாயில் போட்டேன். நெய் இல்லை, உப்பும் கொஞ்சம் மட்டுதான். அழுதுகொண்டே தின்றேன். பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற துக்கம் என்று நினைத்து மற்றவர்கள் எனக்குச் சமாதானம் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. துண்டில் முடிந்த நாவல்பழம் இவர் மடியில் பத்திரமாக இருந்தது. கரிப் புகையில் இருமிக்கொண்டு வந்தோம். ஓமலூர் தாண்டியது.

"அந்தச் சோத்து வாசம் நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் திடீரென்று.

எனக்குச் சுருக்கென்றது. "அந்த ஊட்டுச் சோறுன்னா வாசமா இருக்கும். நா ஆக்கினா ஒரு நிமிசம் நிக்க முடியாதுங்களே. அன்னைக்கி மழையில, அரிசிம்பருப்புச் சோறு இறக்கி வெச்சேன். நின்னீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நின்னிருந்தாத் தின்னிருப்பேன் புள்ள. அதுக்குத்தான் நிக்காமப் போனேன்."

  வீடு வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. பெண் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அப்பாவின் நாக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே ஓடிப்போனாள். இவர் கொய்யா மரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்து உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குப் பசி. நான் அடுப்பங்கரைக்குப் போனேன். முதலில் அந்த ஜன்னலைச் சாத்தினேன். பிறகுதான் அடுப்பை மூட்டினேன்.